11 பரீட்சைக் காலங்கள்: சிப்பாயாக இருந்தபடி ஒருவர் பி.ஏ. முடித்த விதம்

“பதினஞ்சு வருஷம் சர்வீஸ் போட்டா டிகிரி தானா வந்துடும்னு சொல்றாங்களேண்ணே. அப்புறம் எதுக்கு இப்பப் படிக்கணும்?”

2012 தொடக்கத்தில் ஒரு மாலை, ரோல் கால் (மாலை ஆஜர் கணக்கு) முடிந்த பிறகு அவர் கேட்ட கேள்வி இது. அவர் காலாட்படைச் சிப்பாய். 2004இல் +2 முடித்த கையோடு படையில் சேர்ந்தவர். நான் ராணுவக் கல்விப் படையின் ஹவில்தாராக அந்தப் பட்டாலியனில் இருந்தேன். நாலு பேர் முன்னால் என்னை ‘உஸ்தாத்’ என்பார், தனியாக இருந்தால் ‘அண்ணே’. அவர் பெயரையும் பட்டாலியனையும் இங்கே எழுதவில்லை. மற்றதை எழுத அவரே சம்மதம் தந்தார்.

அன்றைய கேள்விக்குச் சரியான பதில்தான் சொன்னேன். ஆனால் அதற்கடுத்த இரண்டு வருடங்களில் அவருக்கு நான் சொன்ன யோசனைகளில் பாதி தவறு. அந்தத் தவறுகளையும் சேர்த்தே எழுதுகிறேன். ஏனென்றால் படையில் இருந்துகொண்டு பட்டம் படிக்கத் தொடங்கிப் பாதியில் விட்ட எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: “படிப்பு ஏறலை.” அது உண்மையா என்று இந்த ஒருவருடைய ஆறு வருடத்தை வைத்துப் பார்த்துவிடலாம்.

தானாக வரும் ‘டிகிரி’

முதலில் அந்தப் பதினைந்து வருடக் கதை. மெட்ரிகுலேஷன் தேறி, 15 வருடத்துக்குக் குறையாமல் படையில் பணிபுரிந்த முன்னாள் படைவீரர், பட்டப்படிப்பு தகுதியாகக் கேட்கப்படும் மத்திய அரசின் குரூப் ‘சி’ பணிகளுக்கு விண்ணப்பிக்கலாம். அந்தப் பணி தொழில்நுட்ப அனுபவமோ தொழில்முறை அனுபவமோ கேட்பதாக இருக்கக் கூடாது. 1986இல் வந்த அறிவிப்பு இது. இதற்காகத் தரப்படும் தாளைத்தான் ஜவான்கள் ‘கிராஜுவேஷன் சர்டிபிகேட்’ என்கிறார்கள். நல்ல சலுகைதான். ஓய்வுக்குப் பிறகு பலருக்குச் சோறு போட்டிருக்கிறது.

ஆனால் அது பட்டம் ஆகாது. அதை வைத்து எம்.ஏ. சேர முடியாது, பி.எட். சேர முடியாது, சட்டம் படிக்க முடியாது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது மட்டும் பட்டத்துக்குச் சமமாக வைத்துப் பார்க்கும் ஓர் ஏற்பாடு, அவ்வளவே. இதை விளக்கியதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “எனக்கு வாத்தியார் வேலைக்குப் போகணும்ணே” என்றார். அப்போதுதான் அவர் மனசில் என்ன இருக்கிறது என்று தெரிந்தது. வாத்தியாராக பி.எட். வேண்டும், பி.எட். சேர உண்மையான பட்டம் வேண்டும், அதிலும் பொதுப் பிரிவுக்கு 50 சதவீத மதிப்பெண் கேட்பார்கள். சும்மா தேறினால் போதாது என்பது முதல் நாளே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

இன்னொரு வழியும் அவருக்கு இருந்தது. டேராடூனில் இந்திய ராணுவ அகாதெமியோடு இணைந்திருக்கும் ஆர்மி கேடட் காலேஜில், +2 முடித்த, 27 வயதுக்கு உட்பட்ட ஜவான்கள் தேர்வு எழுதிச் சேரலாம். மூன்று வருடம் படித்தால் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பட்டம், அதன் பிறகு அதிகாரிப் பயிற்சி. அவர் ஒரு முறை எழுத்துத் தேர்வில் தேறி, அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க ஐந்து நாள் நடக்கும் எஸ்.எஸ்.பி. நேர்முகத்தில் தேறாமல் திரும்பி வந்தவர். மறுபடி போகும் எண்ணம் அவருக்கு இல்லை. நானும் வற்புறுத்தவில்லை.

ஆக, மீதி இருந்தது இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 1985இல் தொடங்கியது. முப்படைகளோடும் அதற்குப் பழைய உறவு உண்டு. கடற்படைக்காக மும்பை, கொச்சி, விசாகப்பட்டினம் போன்ற இடங்களிலும், அசாம் ரைபிள்ஸுக்காக ஷில்லாங்கிலும், ராணுவத்துக்கு புனே, லக்னோ உள்ளிட்ட இடங்களிலும் தனி மண்டல மையங்கள் அதற்காகவே அமைந்தவை. 2012 ஜூலை சேர்க்கையில் பி.ஏ.வுக்கு அவர் பெயரைப் பதிந்தோம்.

பத்தாம் வகுப்போடு படையில் சேர்ந்தவர்களுக்கு இங்கேயே ஒரு வார்த்தை. முன்பெல்லாம் +2 இல்லாமலே ஆயத்தப் பாடம் ஒன்றை எழுதித் தேறி இளங்கலை சேர முடிந்தது. அப்படிப் பெற்ற பட்டத்தைத் தமிழ்நாடு அரசுப் பணிக்கு ஏற்பதில்லை. 2009இல் அரசாணையே வந்துவிட்டது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக +2வை முடித்துவிட்டுப் பட்டத்துக்குப் போவதுதான் பாதுகாப்பு. இரண்டு வருடம் வீணாகிறதே என்று தோன்றும். பட்டமே வீணாவதற்கு அது எவ்வளவோ மேல்.

கணக்கு சரியாக இருந்தது, தேதி தவறியது

அப்போதைய பி.ஏ. மொத்தம் 96 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்பது பல்கலைக்கழகத்தின் கணக்கு. ஆக 2,880 மணி நேரம். குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. வருடத்துக்கு ஜூன், டிசம்பர் என இரண்டு பரீட்சைக் காலம்; அவருக்கு 2013 ஜூன் முதல் 2018 ஜூன் வரை மொத்தம் 11. ஆறு வருடத்துக்குப் பங்கிட்டால் வாரத்துக்கு ஒன்பது மணி நேரம் சொச்சம். “தினம் ஒண்ணரை மணி நேரம்டா தம்பி, ரோல் காலுக்கும் லைட்ஸ் அவுட்டுக்கும் நடுவுல முடிச்சிடலாம்” என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். எவ்வளவு நம்பிக்கையோடு எழுதினேன் என்று இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. பட்டாலியன் வாழ்க்கையில் சராசரி வாரம் என்று ஒன்று கிடையவே கிடையாது. பீஸ் ஸ்டேஷனில், அதாவது எல்லையிலிருந்து தள்ளியிருக்கும் அமைதியான முகாமில், வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம்கூடக் கிடைக்கும். ஃபீல்டில், அதாவது எல்லைப் பணியில், இரண்டு மாதம் தொடர்ந்து ஒரு பக்கம்கூடப் புரட்ட முடியாது.

முதல் தவறு முகவரிக் கட்டத்தில். புத்தகம் பத்திரமாகப் போய்ச் சேரட்டும் என்று ஊர் முகவரியைப் போடச் சொன்னேன். அது தவறில்லை. ஆனால் அங்கே அதை வாங்கி என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் சொல்லி வைக்கவில்லை. பார்சல் வந்தது, பிரிக்காமல் அலமாரியில் இருந்தது, மூன்று மாதம் கழித்து யாரோ விசாரித்த பிறகு பட்டாலியனுக்கு வந்து சேர்ந்தது.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. “முதல்ல பாடத்தைப் படி, அசைன்மென்ட் அப்புறம் பார்த்துக்கலாம்” என்றேன். நான் படித்தது சாதாரணக் கல்லூரியில். அங்கே அசைன்மென்ட் ஓர் ஒப்புக்குத்தான். இங்கே அப்படியில்லை. மதிப்பெண்ணில் 30 சதவீதம் அதற்கு, 70 சதவீதம் பரீட்சைக்கு. அதைக் கொடுக்காமல் பரீட்சை எழுதவே தகுதி கிடையாது. ஜூன் பரீட்சைக்கு மார்ச் கடைசிக்குள், டிசம்பர் பரீட்சைக்கு செப்டம்பர் கடைசிக்குள் கொடுத்தாக வேண்டும். இதை நான் கூர்ந்து படித்தபோது 2013 மார்ச் தாண்டிவிட்டது. 2013 ஜூன் கைநழுவியது.

அந்த செப்டம்பரில் பட்டாலியன் ஃபீல்டுக்கு நகர்ந்தது. டிசம்பர் பரீட்சை என்ற பேச்சே எழவில்லை. அவருடைய கம்பெனி உயரமான ஒரு போஸ்டுக்கு ஏறியது. வசந்தம்வரை இறங்க முடியாது.

அந்த 110 பக்கங்கள்

இந்த ஒரு பகுதியை மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

முதல் வருடத்து ஐந்து பாடங்களின் அசைன்மென்ட் கேள்விகளும் அவரிடம் அச்சில் இருந்தன. மேலே அழைத்துப் போனார். பதிலைக் கையால்தான் எழுத வேண்டும். பங்கரில் வெளிச்சமும் சூடும் சேர்ந்து கிடைப்பது புகாரியின் பக்கத்தில் மட்டும்தான். மண்ணெண்ணெய் அடுப்பு அது; சுற்றிலும் ஆட்கள் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் குளிரில் பால்பாயின்ட் பேனாவின் மை இறுகிவிடும். ரீஃபிலைக் கழற்றி உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கி, நாலு வரி எழுதி, மறுபடி உருட்ட வேண்டும். சென்ட்ரி (காவல்) முடிந்து வந்த கையோடு உட்கார்ந்தால் விரல் மடங்காது. முதல் பத்து நிமிட எழுத்து கோணலாகவும் பிறகு வருவது நேராகவும் இருக்கும். அவருடைய தாளைப் பார்த்தே எந்தப் பத்தியில் உட்கார்ந்தார், எதில் எழுந்து போனார் என்று சொல்லிவிடலாம்.

மொழியும் ஒரு தடையாக இருந்தது. பாடநூல் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். எட்டு வருடம் பாரக்கில் இருந்ததால் இந்தி சரளமாகப் பேசுவார், ஆனால் எழுத வராது. ஆங்கிலம் மெதுவாகப் படிப்பார். தெரியாத சொல்லுக்கு அடியில் கோடு போட்டு, தமிழில் தனக்குத் தோன்றிய அர்த்தத்தை ஓரத்தில் எழுதி வைப்பார். அடிப்படைப் பாடங்களில் ஒன்றாகத் தமிழை எடுத்திருந்தார். அந்த ஒரு பாடத்தில் மட்டும் எழுத்து தடையில்லாமல் ஓடியிருந்தது.

2014 மார்ச் கடைசியில் போஸ்டிலிருந்து இறங்கி லீவில் போனவர், சுமார் 110 பக்கம் கொண்ட அந்தக் கட்டைப் படிப்பு மையத்தில் நீட்டினார். இது போன வருடத்துக் கேள்வி, இந்த வருடத்துக்குக் கேள்வி மாறிவிட்டது, வாங்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். விதி அதுதான். மையத்தின் மேல் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அந்த விதியைப் படித்துச் சொல்ல வேண்டியது நான்.

அன்று இரவு போன் செய்தார். கோபமே இல்லாத குரல். “ஒரு குளிர்காலம் பூரா எழுதினேண்ணே” என்று மட்டும் சொன்னார். பதில் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. அந்த ஜூனும் போயிற்று. 11 பரீட்சைக் காலங்களில் மூன்று முடிந்தன. தேறிய பாடம் ஒன்றுகூட இல்லை.

அவர் இங்கே விட்டிருந்தால், ‘படிப்பு ஏறலை’ பட்டியலில் அவரும் சேர்ந்திருப்பார். அந்த 110 பக்கத்தைப் பிறகு நான் முழுக்கப் படித்தேன். நல்ல மதிப்பெண் வாங்கக்கூடிய பதில்கள். படிப்பில் குறையே இல்லை.

என்ன மாற்றினோம்

அந்த லீவு முடிவதற்குள் இரண்டு நாட்காட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினோம். ஒன்று பல்கலைக்கழகத்தினுடையது: சேர்க்கை, மறுபதிவு, அசைன்மென்ட் கடைசித் தேதி, பரீட்சை விண்ணப்பம், பரீட்சை. இன்னொன்று பட்டாலியனுடையது: எப்போது ஃபீல்டு, எப்போது பீஸ், பதவி உயர்வுக்கான கேடர் பயிற்சி எப்போது, கம்பெனி எப்போது மேலே ஏறும். இரண்டும் உரசும் இடங்களைச் சிவப்பில் குறித்தோம். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

ஜவானுக்கு வருடத்தில் 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் தற்செயல் விடுப்பு. பரீட்சை வருவது ஜூனிலும் டிசம்பரிலும். ஆக லீவை இரண்டாகப் பிரித்து அந்த இரண்டு மாதங்களில் வைத்தால்தான் பரீட்சை எழுத முடியும். மே மாதத்தில் போய் “சாப், ஜூன்ல பரீட்சை” என்று நின்றால் எந்தக் கம்பெனி கமாண்டராலும் தர முடியாது. அதற்குள் லீவுத் திட்டம் முழுக்கப் போடப்பட்டிருக்கும். இவர் ஜனவரியிலேயே தேதியை எழுத்தில் கொடுத்தார். கூடவே, படிப்பதற்கு முறைப்படி அனுமதி கேட்ட கடிதத்தின் நகலையும் வைத்தார். அதன் பிறகு சுபேதார் சாப் அவருக்காகப் பேசினார். தேதியைத் தெரிந்துகொண்டு வரும் ஆளுக்கு மேலே இருப்பவர்கள் உதவத்தான் செய்வார்கள். என் சர்வீஸில் பல முறை பார்த்தது இது.

பரீட்சை மையத்தை ஊருக்குப் பக்கத்தில் வைத்தோம். முன்பு, பட்டாலியன் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் லீவே தேவைப்படாது என்று நினைத்திருந்தேன். பட்டாலியன் நகரும், ஊர் நகராது.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் அவர் மனைவி வேலையைக் கையில் எடுத்துக்கொண்டதுதான். புதுக் கேள்விகள் வந்ததும் பிரவுசிங் சென்டரில் இறக்கிவிடுவார். மேலே இணையம் கிடையாது. அதனால் கேள்விகளை ஒவ்வொன்றாக இன்லேண்டு லெட்டரில் பொடி எழுத்தில் எழுதி 56 ஏபிஓ என்ற ராணுவத் தபால் முகவரிக்கு அனுப்புவார். ஒரு லெட்டரில் இரண்டு பாடம் அடங்கும்படி எழுதப் பழகிக்கொண்டார். மடிக்கும் ஓரத்தில் மட்டும் வீட்டு விஷயம் இரண்டு வரி இருக்கும். பதில்கள் தபாலில் திரும்பி வரும். அவரே பஸ் ஏறிப் போய் மையத்தில் கொடுத்து, ரசீதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைப்பார். நான் அந்தப் பட்டாலியனை விட்டு வேறு இடத்துக்குப் போஸ்டிங் ஆகிவிட்டேன். என் பங்கு அதன் பிறகு போனோடு சரி. இந்தப் பட்டத்தில் பாதி அந்த அம்மாவுக்குச் சேர வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

பிறகு நடந்தது

2014 டிசம்பரில் மூன்று எழுதி இரண்டில் தேறினார். போனது அறிவியல், தொழில்நுட்ப அடிப்படைப் பாடம். 2015 ஜூனில் இரண்டு எழுதி இரண்டும் தேறின. அந்த இலையுதிர் காலத்தில் பட்டாலியன் பீஸுக்கு வந்தது. டிசம்பரில் மூன்றுக்கு மூன்று. 2016 ஜூனில் மூன்றில் இரண்டு. மொத்தம் 13 பாடங்களில் ஒன்பது முடிந்தன.

2016 டிசம்பரில் கம்பெனிக்குத் திடீர் டியூட்டி வந்து லீவு ரத்தானது. கட்டிய பரீட்சைக் கட்டணம் போனது போனதுதான். 2017 ஜூனில் ஹவில்தார் பதவி உயர்வுக்கான கேடர் குறுக்கே வந்தது. பட்டமா, கேடரா என்று கேட்டார். கேடருக்குப் போகச் சொன்னேன். சம்பளம், ஓய்வூதியம் எல்லாம் அதில் இருக்கிறது. பட்டத்துக்கு இன்னும் இரண்டு வாய்ப்பு பாக்கி இருந்தது. இது சரியான யோசனைதான் என்று இன்றும் நம்புகிறேன், என்றாலும் அடுத்த ஒரு வருடம் எனக்கு நிம்மதி இல்லை.

2017 டிசம்பரில் மூன்று எழுதி இரண்டு. கடைசி வாய்ப்பான 2018 ஜூனுக்கு இரண்டு பாடங்கள் மிச்சம். ஆறு வருடம் தாண்டினால் மறுசேர்க்கை வழி உண்டு, மிச்சப் பாடத்துக்கு மட்டும் பணம் கட்டினால் போதும். ஆனாலும் அதை அவரிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். சரியா தவறா தெரியவில்லை. இரண்டும் தேறின. மொத்தம் 54 சதவீதம். ஒரு பாடத்தின் பரீட்சையில் எல்லைக்கோட்டில்தான் தேறியிருந்தார்; அதன் மொத்த மதிப்பெண்ணை அசைன்மென்ட்தான் மேலே இழுத்தது.

தற்காலிகச் சான்றிதழ் வந்ததும் செய்ய வேண்டிய ஒரு வேலை பலருக்குத் தெரிவதில்லை. அதைப் பட்டாலியன் அலுவலகத்தில் கொடுத்து, பார்ட் டூ ஆர்டரில், அதாவது ஒருவருடைய விவரங்களில் வரும் மாற்றங்களைப் பதியும் ஆணையில், ஏற்ற வேண்டும். இல்லையென்றால் ஓய்வு பெறும்போது டிஸ்சார்ஜ் புத்தகத்தில் கல்வித் தகுதி பழையபடி +2 என்றே இருக்கும். அவர் அதைத் தவறவிடவில்லை.

2021இல் 17 வருட சர்வீஸோடு விருப்பத்தின் பேரில் வெளியே வந்து, அதே வருடம் பி.எட். சேர்ந்தார். 2015க்குப் பிறகு அது இரண்டு வருடப் படிப்பு. 35 வயதில், இருபது வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து முடித்தார். இப்போது ஒரு தனியார் பள்ளியில் வரலாறு நடத்துகிறார்.

ஆக, 11 பரீட்சைக் காலங்களில் ஐந்து வீண். அசைன்மென்ட் தேதி, ஃபீல்டு, பழைய கேள்வி, திடீர் டியூட்டி, கேடர். ஐந்துக்கும் காரணம் எழுதி வைத்திருக்கிறேன்; ஒன்றில்கூடப் பாடம் புரியாதது காரணமில்லை. எழுதிய ஆறு காலங்களில் 16 முறை உட்கார்ந்து 13 முறை தேறியிருக்கிறார்.

அக்னிவீர் காலத்தில்

2022 ஜூனில் அக்னிபத் என்ற புதிய ஆள்சேர்ப்புத் திட்டத்தின் அறிவிப்பு வந்தபோது இந்தக் கணக்குதான் என் மனசில் ஓடியது. அக்னிவீருக்கு நான்கு வருடம். அதன் பிறகு படையில் நிரந்தரமாகத் தொடர்வது 25 சதவீதம் வரைதான். அவர்களுக்காக இக்னோ வழியாக மூன்று வருடச் சிறப்புப் பட்டம் ஒன்றும் சேர்ந்தே அறிவிக்கப்பட்டது. பட்டத்துக்கான கிரெடிட்டில் பாதி படையில் பெறும் திறன் பயிற்சிக்குக் கிடைக்கும், மறுபாதியைப் பாடங்களில் எடுக்க வேண்டும். முதல் வருடப் பாடங்களோடு நின்றால் சான்றிதழ், இரண்டாம் வருடத்தோடு நின்றால் பட்டயம், மூன்றும் முடித்தால் பட்டம். ராணுவப் பயிற்சியைப் படிப்பாக மதித்து எண்ணியது பெரிய விஷயம். என் சிப்பாய் மாப் ரீடிங்கில் (வரைபடம் படிப்பதில்) அவ்வளவு கெட்டிக்காரர். அதற்காக ஒரு கிரெடிட்கூட அவருக்கு வரவில்லை.

ஆனால் சுமை பாதியானாலும் கால அளவும் சுருங்கிவிட்டது. இவருக்கு ஐந்து பரீட்சைக் காலம் வீணாகியும் ஆறு மிச்சம் இருந்தது. நான்கு வருடத்தில் அப்படி ஐந்து போனால் அப்புறம் என்ன இருக்கும்? அதனால்தான் பயிற்சி முடித்து முதல் லீவில் வரும் பையன்களிடம் நான் முதலில் பாடத்தைப் பற்றிக் கேட்பதில்லை. அசைன்மென்ட் கடைசித் தேதி என்ன, சொல் என்கிறேன்.

சென்ற முறை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தத் தெருவில் அக்னிவீராகத் தேர்வான பையன் ஒருவன் சேர்க்கை விவரம் கேட்டு வந்திருந்தான். கூடவே அவன் அம்மாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். மேசையில் அந்த 110 பக்கக் கட்டு இருந்தது; ஓரமெல்லாம் மஞ்சள் ஏறிவிட்டது. அதைப் பிரித்து, கோணலும் நேருமாக மாறி மாறி வரும் எழுத்தைப் பையனுக்கு அவர் காட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி மறுபக்கம் உட்கார்ந்து, ரசீதுகளை எந்த வரிசையில் எடுத்து வைக்க வேண்டும் என்று அந்த அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.